பச்சிளங் குழந்தையும் மருத்துவக் காப்புறுதியும்



பேராக் மாநிலத்தில் பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றில் உள்ள தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. தோட்டம் இன்று பெயரளவில்தான் இருக்கிறது. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து பல ஆண்டுகளாயின. லயன்களில் பாதி இடிந்துவிட்டது. மீதிப் பாதியில் வங்காளதேச இளைஞர்களும் இந்தோனேசியத் தொழிலாளர்களும் தங்கியிருக்கிறார்கள். பள்ளி மட்டும் அதே இடத்தில், அதே பெயரில் நடக்கிறது. பிள்ளைகள் ஈப்போ பக்கத்துத் தாமான்களிலிருந்து வேனில் வருகிறார்கள்.

எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுப்பவளுக்குக் காப்புறுதியைப் பற்றிப் பேச என்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என்னை இந்தப் பொருளுக்குள் இழுத்துவிட்டவன் என் பழைய மாணவன் ஒருவன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆண்டிறுதி விடுமுறையில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவன் மோட்டார் சைக்கிளில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். சட்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் அவனுடைய கல்யாண ஆல்பம். அவன் ஈப்போவில் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்பவன். மனைவி தமிழ்நாட்டிலிருந்து வந்தவள். அவளுக்கு எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே வலி கண்டு, பெண் குழந்தை பிறந்துவிட்டது. எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

“டீச்சர், புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டர் சொல்றாரு. ஆனா கவுண்டர்ல வெளிநாட்டுக்காரங்க கட்டணம்னு சொல்றாங்க. கல்யாண சர்டிபிகேட் எங்கேன்னு கேட்டாங்க. நான் ஆல்பத்தைக் காட்டினேன். சிரிக்கிறாங்க டீச்சர்.”

அந்தக் கல்யாணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோவிலில் முறைப்படி தாலி கட்டி, முந்நூறு பேருக்கு விருந்து வைத்தார்கள். மொய் எழுதும் நோட்டு என் கையில்தான் இருந்தது. யார் எத்தனை வெள்ளி வைத்தார்கள் என்று ஒன்று விடாமல் பதிந்தேன். கல்யாணத்தைப் பதிந்தார்களா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அங்கிருந்த எவருக்குமே தோன்றவில்லை.

குழந்தை மூன்று வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தது. பில் தொகை அவனுடைய நான்கு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. பிறகு வந்த பிறப்புப் பத்திரத்தில், குடியுரிமை என்ற இடத்துக்கு நேரே “புக்கான் வார்கானெகாரா”, அதாவது குடிமகள் அல்லள், என்று அச்சாகியிருந்தது. அப்பன் இந்த மண்ணில் பிறந்தவன், தாத்தாவும் இந்த மண்ணில் பிறந்தவர். பேத்தி மட்டும் வெளிநாட்டுக்காரி!

இது எப்படி நேர்ந்தது என்று விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

என் பாட்டி 1930-களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். அந்தக் காலத்தில் தோட்டத்து லயன்களில் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களே. காப்புறுதி என்ற சொல்லை அவர்கள் கேள்விப்பட்டதில்லை. ஆனால், காப்புறுதி செய்ய வேண்டிய வேலையைச் செய்ய ஒரு பொருள் இருந்தது. அதன் பெயர் செக்ரோல். தொழிலாளியின் பெயர் செக்ரோலில் இருந்தால் அவருக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரி உண்டு. டிரசர் மருந்து கொடுப்பார். பிரசவத்துக்கு மருத்துவச்சி வருவார். பெற்றவள் மீண்டும் வெட்டுக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகை உண்டு. தொழிலாளிக்கு மருத்துவ வசதி தருவது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று சட்டமே சொன்னது. அந்த ஏற்பாட்டை நான் புகழ வரவில்லை. மலேரியாவுக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்த கதைகளைச் சொல்லிப் பாட்டி அழுததைப் பார்த்தவள் நான். செக்ரோலில் பெயரை வெட்டினால் லயன் வீடும் போயிற்று, மருந்தும் போயிற்று. ஆனாலும், பிறந்த குழந்தையைப் பார்த்து “நீ எந்த நாட்டுப் பிரஜை?” என்று டிரசர் கேட்டதில்லை.

அந்தக் கேள்வி சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது. 1957 ஆகஸ்டு 31-க்கும் 1962 அக்டோபருக்கும் இடையில் மலாயாக் கூட்டரசில் பிறந்தவர்களுக்குப் பிறந்த இடமே பெரும்பாலும் குடியுரிமை தந்துவிட்டது. என் தந்தை 1958-இல் பிறந்தவர், தப்பித்தார். 1962-இல் அரசியலமைப்பு திருத்தப்பட்ட பின், இங்கே பிறந்தால் மட்டும் போதாது, தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று ஆயிற்று. என் அத்தை 1964-இல் லயன் வீட்டிலேயே பிறந்தார். தாத்தா பெரட்டுக்குப் போன இடத்தில் கிராணியிடம் வாய்ச்சொல்லாகத் தகவல் சொன்னதோடு சரி. பிறப்பு பதிவாகவில்லை. பிறந்ததற்குத் தாள் இல்லை, பெற்றோரின் நிலையைக் காட்டவும் தாள் ஒழுங்காக இல்லை. தாமதப் பதிவுக்கு அலைந்து, சத்தியப் பிரமாணம் எழுதி, நீல ஐசி கைக்கு வந்தபோது அத்தைக்கு வயது நாற்பது. அதற்குள் அவருக்கு இரண்டு பிரசவம் ஆகிவிட்டது. ஒரே லயன், ஒரே தாய் தந்தை. அண்ணன் குடிமகன், தங்கைக்குத் தாள் இல்லை.

1969-இல் குடிமக்கள் அல்லாதார் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற விதி கடுமையாக்கப்பட்டபோது, சிவப்பு ஐசி வைத்திருந்த தோட்டத் தமிழர்கள் பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேறியது நம்மில் மூத்தவர்களுக்குத் தெரியும். தாளின் அருமை நமக்குப் புதிதன்று. இருந்தும் நம் வீட்டுக் கல்யாணங்களில் அதை மறந்துவிடுகிறோம்.

இப்போது என் மாணவனின் குழந்தைக்கு வருவோம். கூட்டரசு அரசியலமைப்பின்படி, மலேசியாவில் பிறக்கும் குழந்தைக்குத் தந்தையோ தாயோ ஒருவர் குடிமகனாக இருந்தால் அது குடிமகவு. இவனோ குடிமகன். அப்படியானால் என்ன தடை? அதே அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையில் 17-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. சட்டப்படி மணம் புரியாதவர்களுக்குப் பிறந்த குழந்தையின் விஷயத்தில், “பெற்றோர்” என்று வருமிடமெல்லாம் தாயை மட்டுமே கொள்ள வேண்டும் என்கிறது அது. முஸ்லிம் அல்லாதாரின் மணத்துக்கு 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தாலியும் அக்கினியும் சாட்சியாக இருந்தாலும், அந்தச் சட்டத்தின்படி பதிவாகாத மணத்தைப் பதிவிலாகா மணமாகக் கொள்வதில்லை. ஆகவே தந்தையின் குடியுரிமை கணக்கில் வராமல் போகிறது. குழந்தை தாயின் நாட்டைப் பின்பற்றுகிறது. பிறந்த பின் ஓடிப்போய்க் கல்யாணத்தைப் பதிந்தாலும் முதல் குழந்தையின் பத்திரத்தில் அச்சான சொல் தானாக மாறிவிடாது. அதற்கு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் மனுப் போட்டு, உள்துறை அமைச்சின் முடிவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் போய் மணம் முடித்து வருகிறவர்களும் இதைக் கேளுங்கள். அங்கே பதிந்ததோடு வேலை முடியவில்லை. ஆறு மாதத்துக்குள் அங்குள்ள மலேசியத் தூதரகத்திலோ, ஊர் திரும்பி வந்து பதிவிலாகாவிலோ அதை மறுபடியும் பதிந்தாக வேண்டும்.

இந்தத் தாளுக்கும் மருத்துவத்துக்கும் என்ன தொடர்பு என்றால், முழுத் தொடர்பும் அங்கேதான் இருக்கிறது. நம் நாட்டில் குடிமக்களுக்கு மருத்துவக் காப்புறுதி என்பது உண்மையில் அரசாங்க ஆஸ்பத்திரியே. சுகாதாரக் கிளினிக்குக்குப் போனால் ஒரு வெள்ளி, நிபுணரை முதன்முறை பார்த்தால் ஐந்து வெள்ளி என்பது நாம் பழகிப்போன கட்டணம். குழந்தைக்கான அட்டவணைத் தடுப்பூசிகள் இலவசம். மீதிச் செலவை அரசாங்கம் வரிப்பணத்திலிருந்து கொடுக்கிறது. ஆகவே ஏழைக் குடிமகன் கார்டு ஏதும் வாங்காமலே காப்புறுதி பெற்றவனாகிறான். வெளிநாட்டவருக்கு இந்தச் சலுகை இல்லை. 2014-ஆம் ஆண்டுக் கட்டண ஆணைக்குப் பிறகு, அவர்களுக்குரிய கட்டணம் படிப்படியாக முழுச் செலவை நோக்கி ஏற்றப்பட்டது. ஒரு வெள்ளிக் கிளினிக் அவர்களுக்கு நாற்பது வெள்ளி. ஐந்து வெள்ளி நிபுணர் அவர்களுக்கு நூற்றிருபது வெள்ளி. வார்டில் சேர்க்க முன்பணமும் கட்ட வேண்டும். அகதிகளாக ஐக்கிய நாட்டு ஆணையத்தின் அட்டை வைத்திருப்போருக்கு, அவர்களுள் இலங்கைத் தமிழர்களும் உண்டு, வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி குறைக்கப்படுகிறது. பாதியும் அவர்களுக்குப் பெரிய தொகைதான்.

வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் காப்புறுதி கட்டாயமாயிற்றே, அது குழந்தைக்கு உதவாதா என்று கேட்பீர்கள். 2011-இல் அரசாங்கம் வெளிநாட்டுத் தொழிலாளர் மருத்துவக் காப்புறுதித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தொடக்கத்தில் சந்தா ஆண்டுக்கு 120 வெள்ளி. அப்போது அரசாங்க ஆஸ்பத்திரியில் 10,000 வெள்ளி வரை செலவை ஏற்றது. அது தொழிலாளியின் உடம்புக்கு மட்டுமே உரியது. கருத்தரிப்பும் பிரசவமும் அதில் சேரா. பிறக்கும் குழந்தைக்கு அதில் இடமே இல்லை. தற்காலிக வேலைப் பெர்மிட்டில் வருகிறவர் குடும்பத்தை அழைத்து வரக் கூடாது, இங்கே மணம் புரியக் கூடாது என்பது விதி. மருத்துவச் சோதனையில் கர்ப்பம் என்று தெரிந்தால் பெண் தொழிலாளி நாடு திரும்ப வேண்டியதுதான். குழந்தை பிறக்கக் கூடாது என்று எழுதிவைத்த ஏற்பாட்டில், பிறந்துவிட்ட குழந்தைக்குக் காப்புறுதி எங்கிருந்து வரும்? ஆயினும் குழந்தைகள் பிறக்கத்தான் செய்கின்றன. ஆவணமில்லாதவர் சிகிச்சைக்கு வந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2001-இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. அதற்கு அஞ்சி, வலி முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிற தாய்மார்கள் உண்டு. எங்கள் பாட்டிமார்கள் படுத்த அதே லயன்களில் இன்று படுத்திருக்கும் இவர்களைப் பார்க்கும்போது, செக்ரோல் காலம் ஒரு விஷயத்தில் மட்டும் மேல் என்று எனக்குத் தோன்றும். என்னுடன் இதில் உடன்படாதவர்கள் ஆசிரியர் அறையிலேயே இருக்கிறார்கள்.

இனிக் காசு கொடுத்து வாங்கும் காப்புறுதிக்கு வருகிறேன். பெரிய வேலைகளுக்கு வரும் வெளிநாட்டவர்க்கும், இங்கே வாழ்க்கைப்பட்டு வரும் பெண்களுக்கும் கைகொடுப்பது இதுதான். ஆனால் அதன் கணக்கு வேறு.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கைப் பாருங்கள். 2022-இல் உலகெங்கும் சுமார் 23 லட்சம் குழந்தைகள் பிறந்த முதல் 28 நாட்களுக்குள் இறந்தன. ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதி இந்த முதல் மாதத்துக்குள் இறப்பவையே. அந்த முதல் மாதத்து இறப்புகளில் முக்கால் பங்கு முதல் வாரத்திலேயே நேர்கிறது. குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், கிருமித் தொற்று, பிறவிக் குறை ஆகியவை முக்கியக் காரணங்கள். மஞ்சள் காமாலை கண்ட குழந்தையை நீல விளக்கின் கீழ் படுக்கவைப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். உதவி மிக அதிகமாகத் தேவைப்படும் காலம் அதுவே.

காப்புறுதி நிறுவனமும் இந்தக் கணக்கை அறியும். அதனாலேயே நம் நாட்டில் சாதாரண மெடிக்கல் கார்டு குழந்தைக்குப் பிறந்தவுடன் கிடைப்பதில்லை. பதினான்கு, பதினைந்து நாள் கடந்த பிறகு, சில நிறுவனங்களில் முப்பது நாள் கடந்த பிறகே விண்ணப்பத்தை ஏற்பார்கள். அப்போதும் குழந்தை எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, எடை என்ன, கண்ணாடிப் பெட்டியில் இருந்ததா என்று கேட்பார்கள். பிறவிக் குறைகளைப் பெரும்பாலும் விலக்கிவிடுவார்கள். கார்டு வந்த பிறகும் முதல் 30 நாள் பொதுவான நோய்களுக்குக் காத்திருப்புக் காலம். குறிப்பிட்ட சில நோய்களுக்கு 120 நாள். விபத்துக்கு மட்டும் காத்திருப்பு இல்லை. மழை நின்ற பிறகு குடை விற்கும் வியாபாரம் என்று என் மாணவன் சொன்னான். அவன் கோபம் புரிகிறது. ஆனால் காப்புறுதி என்பது பலர் சேர்ந்து போடும் பானை. நோய் வந்த பின் மட்டும் எல்லாரும் சேர்ந்தால் பானையில் சோறு மிஞ்சாது. அதனால் அவர்கள் வாசலில் ஆள் நிறுத்தி விசாரிக்கிறார்கள்.

எனவே வாங்குகிறவர் கர்ப்பத்திலேயே வாங்க வேண்டும். கர்ப்பம் மூன்று மாதம் கடந்த பின் எடுக்கக்கூடிய, தாயையும் வயிற்றுக் குழந்தையையும் சேர்த்துக் காக்கும் பத்திரங்கள் இப்போது உண்டு. குழந்தை பிறந்த பின் தொடரும் வகைகளும் உண்டு. சில பிறவிக் குறைகளுக்குக் குறிப்பிட்ட தொகை தருபவையும் உண்டு. முகவர் வீட்டுக்கு வரும்போது நாம் வழக்கமாகக் கேட்பது, மாதம் எவ்வளவு என்பதை மட்டுமே. கேட்க வேண்டியவை வேறு: எந்த நாளிலிருந்து குழந்தைக்குக் காப்பு தொடங்கும்? குறைமாதமானால் ஏற்பீர்களா? கண்ணாடிப் பெட்டிச் செலவு சேருமா? குழந்தை குடிமகவு அல்ல என்று பத்திரம் வந்தால் என்ன செய்வீர்கள்? வாயால் சொல்லும் பதிலை நம்பாமல், பத்திரத்தில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

கம்பெனி வழியாகக் குடும்பக் காப்புறுதி உள்ளவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. குழந்தை பிறந்தவுடன் அது தானாக அந்தப் பட்டியலில் ஏறுவதில்லை. குறிப்பிட்ட நாட்களுக்குள், பல இடங்களில் 30 நாள், பிறப்புப் பத்திரத்துடன் மனு கொடுத்துச் சேர்க்க வேண்டும். நம் வீடுகளிலோ முப்பதாம் நாள் முடியிறக்கித் தொட்டிலிட்டுப் பெயர் சூட்டுவது வழக்கம். ஜாதகம் பார்த்து எழுத்துக் கிடைக்கும்வரை பெயரைச் சொல்லவே மாட்டார்கள். தீபகற்ப மலேசியாவில் பிறப்பைப் பதிய 60 நாள் அவகாசம் இருப்பதால், பதிவிலாகா கோபித்துக்கொள்ளாது. காப்புறுதி நிறுவனம் கதவைச் சாத்திவிடும். பெரியவர்கள் மன்னிக்க வேண்டும், எழுத்தைக் கொஞ்சம் சீக்கிரமாகப் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

பிற நாடுகள் இதை எப்படிச் செய்கின்றன என்றும் பார்க்கலாம். ஜெர்மனியில் பெற்றோர் அரசுசார் நோய்க் காப்புறுதியில் இருந்தால் குழந்தை பொதுவாகத் தனிச் சந்தா இன்றிக் குடும்பத்தோடு சேர்ந்துவிடுகிறது. தனியார் காப்புறுதியில் இருக்கும் பெற்றோர், பிறந்த இரண்டு மாதத்துக்குள் தெரிவித்தால் போதும். குழந்தையின் உடல்நிலையைக் காட்டி மறுக்கவோ கூடுதல் சந்தா கேட்கவோ நிறுவனத்துக்கு உரிமையில்லை. காப்பு பிறந்த நாளிலிருந்தே கணக்கிடப்படும். அங்கே வேலைக்குப் போயிருக்கும் தமிழர் வீட்டுக் குழந்தைக்கும் இதே விதிதான். பச்சிளங் குழந்தையிடம் நோய் விவரம் கேட்கக் கூடாது என்று சட்டம் போட முடியும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

சிங்கப்பூர் நமக்கு இன்னும் நெருக்கமான பாடம். 2015 நவம்பரில் தொடங்கிய மெடிஷீல்டு லைஃப் திட்டம் அந்நாட்டுக் குடிமக்களின் குழந்தைகளைப் பிறந்த நாள் முதல், பிறவிக் குறை உட்பட, காக்கிறது. ஆனால் ஈப்போவிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் அங்கே வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகள் அங்கே வெளிநாட்டவர்கள். வொர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு முதலாளி எடுத்துத் தரும் காப்புறுதி அவரோடு நின்றுவிடும். அங்கே பிறக்கும் குழந்தை இரண்டிலும் சேராது. இங்கே நாம் வங்காளதேசத்துக்காரருக்குச் சொல்வதைத்தான் அங்கே நமக்குச் சொல்கிறார்கள்.

பெண்ணைத் தூரத்து நாட்டில் கட்டிக்கொடுத்தவர்களுக்கும் ஒரு செய்தி. மலேசியத் தாய்க்கும் வெளிநாட்டுத் தந்தைக்கும் வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு நெடுங்காலம் தாய்வழிக் குடியுரிமை தானாகக் கிடைத்ததில்லை. அதனால் சென்னையிலோ லண்டனிலோ வாழ்ந்த பெண்கள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற நம் பழைய வழக்கம் சட்டத்துக்கும் பொருந்திப்போன விந்தையை நான் பலமுறை நினைத்துச் சிரித்ததுண்டு. 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம் தாய்க்கும் தந்தையோடு ஒத்த உரிமையைத் தர வகைசெய்தது. அது முன்னரே பிறந்த குழந்தைகளுக்குப் பின்னோக்கிச் செல்லாது. அதே திருத்தத்தில், இங்கே பிறக்கும் குழந்தைக்குப் பெற்றோர் நிரந்தரவாசியாக இருந்தாலே போதும் என்ற பழைய சொற்களை நீக்கும் பகுதியும் இருந்தது. இன்னும் சிவப்பு ஐசியோடு இருக்கும் இளந்தம்பதியர் இதை அலட்சியம் செய்யலாகாது. குழந்தை உண்டாகும் முன்பே பதிவிலாகாவில் போய்த் தங்கள் நிலையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தாய் தந்தை இருவருமே இந்தியக் குடிமக்களாக இருந்து இங்கே குழந்தை பெற்றால், ஓராண்டுக்குள் கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். பிறகு குழந்தைக்குப் பாஸ்போர்ட்டு, அதன் பிறகு குடிநுழைவு இலாகாவில் பாஸ். பாஸ் இல்லாத குழந்தையைப் பெரும்பாலான காப்புறுதி நிறுவனங்கள் ஏறெடுத்தும் பாரா. என் மாணவனைப் போன்று கலப்பு நிலையில் இருப்பவர்களுக்கு இந்த ஓராண்டு ஒரு கவர்வழி. தாயின் நாட்டில் பதிந்தால் குழந்தைக்கு ஒரு பாஸ்போர்ட்டாவது கிடைக்கும். ஆனால் “எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் பிறந்தது” என்று இங்கே வாதாடும் வழி அடைபடும். இதில் என்னைப் போன்ற ஆசிரியையின் யோசனையைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும், நாடற்றோர் விவகாரத்தில் பல ஆண்டுகளாக உழைத்துவரும் டி.எச்.ஆர்.ஆர்.ஏ. மலேசியா அமைப்பும் இருக்கின்றன. அவர்களிடம் முதல் மாதத்திலேயே போங்கள்.

ஆஸ்பத்திரிப் பில்லைக் கண்டு கலங்கி நிற்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவசரச் சிகிச்சை முதலில், பணம் பிறகு. அதற்காகத் தாயையோ குழந்தையையோ வீட்டில் வைத்திருக்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவு என்று ஒன்று உண்டு. தவணையாகக் கட்டவும், உதவி நிதிக்கு மனுப் போடவும் அங்கேதான் கேட்க வேண்டும். கவுண்டரில் இருப்பவர் தாமாகச் சொல்ல மாட்டார். என் மாணவனுக்கு இதை யாரும் சொல்லவில்லை. மூன்றாம் முறை போனபோது, பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய் அம்மா ஒருவர்தான் வழி காட்டினார். அவன் பதினெட்டு மாதத் தவணையில் கட்டி முடித்தான்.

அந்த மழை மாலைக்கு அடுத்த வாரம் நாங்கள் மூவரும் பதிவிலாகாவுக்குப் போனோம். மணமகன், மணமகள், சாட்சிக் கையெழுத்துக்கு நான். தேவையான படிவமும் காத்திருப்பும் முடிந்து, சில வாரங்களுக்குப் பின் கல்யாணம் சட்டப்படி ஆயிற்று. குழந்தை அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டு தன் பெற்றோர் கல்யாணத்துக்கு வந்திருந்தாள். அதிகாரி ஒரு பெண்மணி. குழந்தையைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று ஆண்டு கழித்து இரண்டாவது பெண் பிறந்தாள். நிறைமாதம், மூன்று கிலோ. ஐந்தாம் நாளே பிறப்புப் பத்திரம், கூடவே மைகிட் கார்டு.

மூத்தவள் இப்போது எங்கள் பள்ளியில் படிக்கிறாள், கணக்கில் கெட்டிக்காரி. அவளுடைய 15ஏ மனு இன்னும் முடிவாகவில்லை. சென்ற பருவத்தில் அக்கா, தங்கை இருவருக்கும் ஒன்றாகக் காய்ச்சல் கண்டு, அவன் இருவரையும் கிளினிக்குக்கு அழைத்துப் போயிருந்தான். நானும் அன்று இரத்த அழுத்தம் பார்க்க அங்கே உட்கார்ந்திருந்தேன். சின்னவளுக்கு அவன் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினான். உடனே எண் கொடுத்துவிட்டார்கள். பிறகு மோட்டார் சைக்கிள் பெட்டியைத் திறந்து, ரப்பர் வளையம் போட்ட தடித்த பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை எடுத்து வந்து கவுண்டரில் வைத்து, மூத்தவளுக்காக ஒவ்வொரு தாளாகப் பிரிக்கத் தொடங்கினான்.